நூற்றுக்குப் பதினொன்று

மேடையில் நின்று "மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்" என்று சொல்பவரின் மனத்தை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் நம் அரசியல் இத்தனை காலம் சுகமாக நடந்துவந்தது. மக்கள் எழுச்சி முன்னணியின் தலைமை அந்தச் சுகத்தில் கை வைத்தது.

காரணம் இருந்தது. எந்தக் கட்சியும் தன் வேட்பாளரைத் தலைவரின் அறைக்குள் வைத்து முடிவு செய்யக் கூடாது, தொகுதியிலுள்ள கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதற்கு முன்னோட்டத் தேர்தல் என்று பெயர். முதல் முன்னோட்டத் தேர்தலில் எல்லாத் தரப்பின் பிரியாணியையும் பாரபட்சமில்லாமல் சாப்பிட்ட உறுப்பினர்கள், எல்லோருக்கும் கைமேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, யாருக்குப் போட்டோம் என்பதே நினைவில்லாமல் வீடு திரும்பினார்கள். அப்படித் தேர்வானவர்கள் இடைத்தேர்தல்களில் வரிசையாகத் தோற்றார்கள். "தொண்டனிடம் உணர்ச்சி குறைந்துவிட்டது" என்று தலைவர் கண்டுபிடித்தார். தன்னிடம் என்ன குறைந்தது என்று அவர் தேடவில்லை. தலைவர்கள் அந்தப் பக்கம் தேடும் வழக்கமில்லை.

ஆகவே மீட்டர் வந்தது. அரசாணை பாணியில் அதற்கு 'உளமார்மானி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை உச்சரிக்கத் தெரிந்த மாவட்டச் செயலாளர் ஒருவர்கூட இல்லாததால் மீட்டர் என்பதே நிலைத்தது. கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டியது. பேசும்போது நாடி, வியர்வை, குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் பார்த்து, சொல்வதை நீங்களே எவ்வளவு நம்புகிறீர்கள் என்று நூற்றுக்கு ஓர் எண் காட்டும். இனி வாக்குச்சாவடிக்குள் போய் "இன்னாரை மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நூறு வந்தால் முழு ஓட்டு. ஐம்பது வந்தால் அரை ஓட்டு. தேர்தல் முடியும்வரை கழற்றினால் கட்சியிலிருந்தே கழற்றிவிடுவார்கள்; வென்ற அணிக்காரர்களுக்கு மட்டும் அதற்குப் பிறகும் அது சீருடை.

"ஆளுக்கொரு ஓட்டு என்பது பழைய ஜனநாயகம். மனசுக்கொரு ஓட்டு என்பது நம் ஜனநாயகம்" என்றார் தலைவர். அவர் மீட்டர் கட்டிக்கொள்ளவில்லை. அவருடைய மனம் அளவுக்கு அப்பாற்பட்டது என்று கட்சிப் பத்திரிகை விளக்கம் எழுதியது.

மேட்டுக்கரைத் தொகுதியில் இந்த விஞ்ஞானத்தின் முதல் பலி நாச்சிமுத்து.

நாச்சிமுத்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். ஐம்பத்து மூன்று வயது. கட்சியில் வார்டுச் செயலாளர். அப்பா இருந்த கட்சி என்பதால் இவரும் இருந்தார். யாரோடும் சண்டையில்லை, யாருக்கும் சிலை வைக்கும் ஆசையும் இல்லை. அவர் மகள் நிரஞ்சனா வங்கியில் அதிகாரி. அவளும் உடன் படித்த மிதுனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள்; ஒரே சாதியாகவும் அமைந்துவிட்டதால் ஊரே ஆச்சரியப்பட்ட காதல் அது. மிதுனின் அப்பா அர்த்தநாரி.

அர்த்தநாரியை ஒரே வரியில் சொல்ல முடியாது. சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். கல்குவாரி அதிபர், பொறியியல் கல்லூரித் தாளாளர். போஸ்டர்களில் இரண்டாவது மட்டும் 'கல்வித் தந்தை' என்று வரும். கல்லூரி வாசலில் அவருடைய பளிங்குச் சிலை ஒன்று துணி போர்த்தி நின்றது. செய்து முடித்து நெடுநாளாகிறது. பெயருக்குக் கீழே 'சட்டமன்ற உறுப்பினர்' என்று செதுக்க இடம் விட்டிருந்ததால் திறப்பு விழா தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் இப்போது முன்னோட்டத் தேர்தலில் நிற்கிறார். எதிரே நிற்பவர் லோகாம்பாள், முன்னாள் நகர்மன்றத் தலைவி.

பிரச்சாரத் தொடக்கக் கூட்டம் கவுண்டர் மண்டபத்தில் நடந்தது. பேசுகிறவரின் மீட்டர் எண் பின்னாலிருக்கும் பெரிய திரையில் தெரிய வேண்டும் என்பது அர்த்தநாரியின் சொந்த யோசனை. முதலில் இளைஞரணி பேசியது. "அண்ணன் அர்த்தநாரி இந்தத் தொகுதியின் விடிவெள்ளி!" திரையில் தொண்ணூற்று நான்கு. விசில். அடுத்து மகளிரணி. தொண்ணூற்று ஏழு. போன தேர்தலில் அர்த்தநாரியை ஆள்வைத்து அடித்த ஒன்றியச் செயலாளர் எழுந்து, "என் உயிர் அண்ணனுக்குத்தான்" என்றார். தொண்ணூற்று ஆறு. அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அடி விழுந்த இடத்தைத் தடவிக்கொண்டே கலங்கினார்.

பிறகு, "அடுத்து நம் வருங்காலச் சம்பந்தி!" என்று அறிவித்தார்கள். நாச்சிமுத்து எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். பேச்சாளர் இல்லை. எழுதி மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னார்.

"கல்வித் தந்தை அர்த்தநாரி அவர்களை மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்."

திரையில் பதினொன்று.

பின்வரிசையில் ஒருவர் "நூத்திப் பதினொன்னா இருக்குமோ?" என்று நல்லெண்ணத்தோடு கேட்டார். மாவட்டச் செயலாளர் துரையரசன் நாச்சிமுத்துவின் காதருகே குனிந்து, "இன்னொருக்கா அழுத்திச் சொல்லுங்க" என்றார். அழுத்திச் சொன்னார். எட்டு வந்தது.

வீட்டில் சுகுணா கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, எத்தன பேரு பேசுனாங்க? தொண்ணூறுக்குக் கீழ ஒருத்தருக்காச்சும் வந்துதா? அந்த ஒன்றியமே தொண்ணூத்தாறு வாங்கிப்போட்டான். உங்களுக்கு மட்டும் பதினொன்னு. பத்தாவதுல கணக்குல எடுத்த மார்க்காட்ட!"

"நானென்ன வேணும்னா பண்ணுனேன்? மிசினு அப்படிக் காட்டுது."

"மிசினு என்னத்தக் காட்டும், உள்ள இருக்கறதத்தான காட்டும்? அந்த மனுசர உங்களுக்குப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமா?"

"புடிக்காதுன்னு இல்ல…"

மணிக்கட்டில் நான்கு. சுகுணா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அர்த்தநாரி கூப்பிட்டனுப்பினார். கல்லூரியில் அவருடைய அறை ஏறக்குறைய ஒரு வகுப்பறை அளவுக்கு இருந்தது. வகுப்பறையாக இருந்ததுதான் அது.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா? பதினொன்னுங்கறது எனக்கொன்னும் வருத்தமில்லீங்க. நமக்குள்ள என்ன? ஆனா அந்த லோகாம்பா ஆளுங்க, 'சொந்தச் சம்பந்தியே நம்பாத ஆளு'ன்னு ஊரெல்லாம் பேசறாங்க. உப்பு சக்கரை மாத்தி நிச்சயம் பண்றதுக்கு நாள் குறிச்சிருந்தமில்ல? அதைத் தேர்தலுக்கு அந்தப் பக்கம் தள்ளி வெச்சிருக்கேன்."

"தள்ளி வெச்சா… அப்புறம் நடக்குமுங்களா?"

"உங்க நெம்பரப் பொறுத்துங்க." அர்த்தநாரி சிரித்தார். "மிதுனுக்குப் புடிச்சிருக்கு, சரி. எனக்குப் புடிக்கோணுமில்ல? என்னைய நம்பாத வூட்ல நான் எப்படிப் பொண்ணெடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

வீட்டில் நிரஞ்சனா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"விடுங்கப்பா. நடந்தா நடக்குது, நடக்காட்டிப் போவுது. எனக்கொன்னும் குடி முழுகிப் போயிராது."

அவள் மணிக்கட்டில் மீட்டர் கிடையாது. அவள் கட்சி உறுப்பினர் இல்லை. அது பொய் என்று தெரிந்துகொள்ள நாச்சிமுத்துவுக்கு மீட்டர் தேவைப்படவுமில்லை.

அவர் நேர்மையான ஒரு முடிவுக்கு வந்தார். நடிப்பு மிஷினிடம் எடுபடாது. ஆகவே அர்த்தநாரியை நிஜமாகவே பிடித்துப்போக வேண்டும். அந்த மனிதரிடம் ஏதாவது ஒரு நல்லது இருக்காமலா போகும்? கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு அர்த்தநாரியோடு பிரச்சாரத்துக்குப் போனார். மாப்பிள்ளை பார்க்கப் போகிற பெண்வீட்டார் போலக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பேருந்து நிலையத்தில் குடிதண்ணீர்த் தொட்டி திறந்தார்கள். நல்ல காரியம்தான். தொட்டியின் முகப்பில் அர்த்தநாரியின் படம் முழுதாகத் தெரிய வேண்டும் என்று குழாயைப் படத்துக்கு மேலே வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க ஆறடி உயரம் வேண்டும். நாச்சிமுத்து தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தார்: "ஆதரிக்கிறேன்." பத்து.

கண் சிகிச்சை முகாம் நடந்தது. கண் தெரியாதவர்களை உட்காரவைத்து அர்த்தநாரியின் வாழ்க்கை வரலாற்றைப் படமாகக் காட்டினார்கள். பார்த்து முடித்தவர்களுக்குத்தான் சொட்டு மருந்து. "ஆதரிக்கிறேன்." ஏழு.

சந்தைப்பேட்டையில்தான் மனம் இளகியது. கூட்டத்தில் ஒரு கிழவியின் செருப்பு கழன்று விழ, அர்த்தநாரி சட்டென்று குனிந்து எடுத்து அவள் காலருகே வைத்தார். யாரும் சொல்லவில்லை, யோசிக்கவுமில்லை. நாச்சிமுத்து உடனே மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தார். "ஆதரிக்கிறேன்" என்றார். முப்பத்திரண்டு! ஆனந்தத்தில் சுகுணாவுக்குப் போன் செய்ய எடுத்தார். அதற்குள் கேமராக்காரன், "அய்யா, வெளிச்சம் பத்தல. இன்னொருக்கா" என்றான். கிழவியும் பழகியவள் போலச் செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

மறுபடி ஏழு.

மீட்டர் பழுது என்று அர்த்தநாரியின் ஆட்கள் புகார் கொடுத்ததில், மீட்டர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பெயிண்ட் கடைக்கு வந்தாள். பெயர் பெனாசிர். சென்னைக்காரி. முப்பது வயதிருக்கும். முதுகுப்பையிலிருந்து கணினியை எடுத்து பெயிண்ட் டப்பாவின் மேல் வைத்தாள்.

"சார், உங்க பேர் என்ன?"

"நாச்சிமுத்துங்க."

"தொண்ணூத்தி ஒம்போது. இது என்ன கடை?"

"பெயிண்ட் கடைங்க."

"தொண்ணூத்தெட்டு. இப்ப ஒரு பொய் சொல்லுங்க."

"இந்த பெயிண்ட் பத்து வருசத்துக்கு உரியாதுங்க."

"மூணு." அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. "அந்த லோகாம்பாள் மேடத்தை ஆதரிக்கறேன்னு சும்மா சொல்லிப் பாருங்க."

நாச்சிமுத்து கடை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். போன வெள்ளத்தின்போது லோகாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கி அடைப்பெடுக்க வைத்ததில்தான் இந்தக் கடை தப்பியது. "ஆதரிக்கறேன்" என்றார். தொண்ணூற்று ஒன்று.

அவர் சட்டென்று மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார். "இது ரிப்பேர்தானுங்களே?"

பெனாசிர் பெருமூச்சு விட்டாள். "சார், நான் நாலு மாவட்டம் சுத்திட்டு வரேன். உங்க மீட்டர் ஒண்ணுதான் சரியா வேலை செய்யுது."

"அப்ப மத்தவங்களது?"

"இதைக் கையில கட்டின உடனே ரெண்டு வாக்கியம் சொல்லச் சொல்லியிருப்போமே? உங்களுக்கு உண்மைன்னு தெரிஞ்ச ஒண்ணு, பொய்னு தெரிஞ்ச ஒண்ணு. அதைக் கேட்டுத்தான், இந்த ஆள் உண்மை சொன்னா உடம்பு இப்படி இருக்கும், பொய் சொன்னா இப்படி இருக்கும்னு மீட்டர் கத்துக்கும். நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ற பொண்டாட்டி பேரு சுகுணான்னு சொன்னனுங்க. பொய்க்கு, எனக்கு முடி கொட்டலைன்னு சொன்னேன். அன்னைக்கு மண்டபத்துல எல்லாரும் சேந்துதான் கட்டிக்கிட்டாங்க. நிச்சயத்துக்குச் சேலை எடுக்க ஈரோடு போயிட்டதால நான் வூட்லயே கட்டிக்கிட்டேன்."

"அதுதான் நீங்க பண்ண தப்பு" என்றாள் பெனாசிர். "மண்டபத்துல மேடை மேல மாவட்டச் செயலாளர் உக்காந்திருந்தாரு. அவரு முன்னாடி உண்மைன்னு எதைச் சொல்லுவாங்க? வரிசையா வந்து 'தலைவர்தான் என் உயிர்'னாங்க. சரி, பொய்னு எதைச் சொல்றது? ஒருத்தர் யோசிச்சாரு. நம்ம ஆட்சி நடக்குது. அதனால, 'எங்க தெருவுல தண்ணி வரல'ன்னாரு. அதுதானே கட்சிக் கணக்குல பொய்? பின்னாடி நின்னவங்க எல்லாம் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. ரோடு சரியில்ல, ஆஸ்பத்திரில மருந்தில்ல… பொய், பொய், பொய்னு சொல்லிட்டே போனாங்க."

நாச்சிமுத்து பெயிண்ட் டப்பாவின் மேல் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப அவிய மீட்டருக்குப் பொய்தான் நெசம்."

"நிஜம்தான் பொய். தலைகீழா உக்காந்திருக்கு. தமிழ்நாடு பூரா."

"இதைச் சொல்லிப்போடலாமுங்களே, உங்க கம்பெனில?"

"சொன்னேன் சார். கட்சித் தலைமை எங்களைப் பாராட்டிக் கடிதம் குடுத்திருக்கு. தொண்டர்கள் சராசரி தொண்ணூத்தஞ்சு. இப்படி ஒரு விசுவாசத்தை அவங்களே எதிர்பார்க்கலையாம். இதுல போய்த் தப்புன்னு சொல்ல எங்க எம்.டி.க்கு மனசு வரல." கணினியை மூடினாள். "உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. பதினொண்ணோட இருக்கலாம். இல்லன்னா கட்சி ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் இதை அழிச்சுட்டுப் புதுசா அந்த ரெண்டு வாக்கியம் சொல்லலாம். ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் இது திரும்பாது. ரெண்டாவது தடவை அழிக்க இதுல வசதியில்ல."

நாச்சிமுத்து அன்று கடையைச் சீக்கிரம் சாத்தினார். வீட்டில் நிரஞ்சனா நிச்சயச் சேலையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாமல், ஒரு மயிலிறகு வைப்பது மாதிரி. அப்பாவைப் பார்த்ததும், "பூச்சி அரிச்சிரும்னு எடுத்து வெச்சேன்" என்றாள்.

அடுத்த நாள் காலை அவர் கட்சி அலுவலகத்தில் இருந்தார்.

துரையரசன் இரண்டு வாக்கியங்களையும் தாளில் எழுதி வைத்திருந்தார். அர்த்தநாரி நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெனாசிர் பொத்தானை அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உண்மை" என்றார் துரையரசன்.

"கல்வித் தந்தை அர்த்தநாரி இந்தத் தொகுதியின் விடிவெள்ளி."

"பொய்."

"மேட்டுக்கரையில் வாரத்துக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது."

வெளியே பெண்கள் குடங்களோடு லாரியை மறித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். துரையரசன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"இப்ப சொல்லுங்க சம்பந்தி" என்றார் அர்த்தநாரி.

"மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்."

தொண்ணூற்று ஏழு. அர்த்தநாரி எழுந்து வந்து கட்டித் தழுவினார். "எனக்குத் தெரியுமுங்க. உங்க மனசுல நான் இருக்கறேன்னு எனக்கு எப்பவுமே தெரியும்!" அவருடைய மணிக்கட்டில் தொண்ணூற்று எட்டு மின்னியது.

முன்னோட்டத் தேர்தல் அமைதியாக நடந்தது. லோகாம்பாளுக்காக வந்தவர்கள்தான் அதிகம்; வரிசை சந்தைப்பேட்டையைத் தாண்டிப் போயிருந்தது. சாக்கடைத் தெருக்காரர்கள், கைத்தறிக் காலனிக்காரர்கள், யாரிடமும் எதுவும் வாங்காமல் வெயிலில் நின்றவர்கள். ஒவ்வொருவராகச் சாவடிக்குள் போய், "லோகாம்பா அக்காவை மனப்பூர்வமா ஆதரிக்கறேன்" என்றார்கள். ஆறு. ஒன்பது. ஐந்து. நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்ன ஒரு பெண்ணுக்கு இரண்டு வந்தது. ஆழ்ந்த அன்பு போலிருக்கிறது.

அர்த்தநாரிக்காக வந்தவர்கள் குறைவு. வேன் வைத்துக் கூட்டி வந்தவர்கள். ஒருவருக்கும் தொண்ணூறுக்குக் கீழே வரவில்லை.

நாச்சிமுத்துவும் உள்ளே போனார். சாவடியில் யாரும் இல்லை, திரைதான். லோகாம்பாள் பெயரைச் சொன்னால் ஓட்டு ஒன்பதாகி ஒன்றுமில்லாமல் போகும். அர்த்தநாரி பெயரைச் சொன்னால் முழு ஓட்டாகும். அவரால் அந்த அக்காவுக்குச் செய்ய முடிந்த ஒரே உபகாரம் சும்மா இருப்பது. ஆனால் பேசாமல் வெளியே வந்தால் வாசலில் துரையரசன் எண்ணைக் கேட்பார். அர்த்தநாரி பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். லோகாம்பாள் சாவடிக்கு எதிரே வேட்பாளருக்கான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்ன நாச்சிமுத்து, கடை எப்படிப் போவுது?" என்று கேட்டார். இவர் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். நன்றாகத்தான் போகிறது என்று சொன்னால்கூட மீட்டர் அதைப் பொய் என்று காட்டியிருக்கும்.

அர்த்தநாரி பெரிய வித்தியாசத்தில் வென்றார். "லோகாம்பாள் அணியினரிடம் கூட்டம் இருந்தது, உள்ளம் இல்லை" என்று தலைமை அறிக்கை விட்டது. தொலைக்காட்சியில் நான்கு நிபுணர்கள் அதை ஆமோதித்தார்கள்.

உப்பு சக்கரை மாற்றினார்கள். கல்யாணத் தேதி குறித்தார்கள். நாச்சிமுத்து வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஏனென்று சுகுணாவுக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, "கொழம்பு நல்லா இருக்குது" என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஆறு வந்தது.

"ஆறா? ஏனுங்க, நல்லால்லைன்னா நல்லால்லைன்னு சொல்லுங்களேன். அதுக்கெதுக்குப் பொய்யி?"

அப்போதுதான் மனைவி, மகள் இருவரிடமும் அவர் நடந்ததைச் சொன்னார். மண்டபத்து வாக்கியங்கள், பெனாசிர், கட்சி அலுவலகம் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல மணிக்கட்டில் மூன்றும் நான்குமாக மாறிக்கொண்டிருந்தது. சுகுணா குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நிரஞ்சனா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்காகவாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றார். எண்பத்தொன்பது வந்தது. அவள் எழுந்துபோய்க் கை கழுவினாள்.

வரவேற்பு அதே கவுண்டர் மண்டபத்தில். வந்தவர்களில் பாதிக்கு மேல் கட்சிக்காரர்கள். பொதுத்தேர்தல் முடிந்து அர்த்தநாரி சட்டமன்ற உறுப்பினராகிவிட்டிருந்தார். எதிர்க்கட்சியும் அதே கம்பெனியின் மீட்டரைத்தான் வாங்கியிருந்தது. மணமக்களை வாழ்த்துகிறவர்களின் எண் தெரிவதற்கு மேடைக்குப் பின்னால் திரை கட்டியிருந்தார்கள். வாழ்த்துகள் தொண்ணூறுக்குக் குறையாமல் பொழிந்துகொண்டிருந்தன. துரையரசன், "நூறாண்டு வாழ்க" என்றதற்கு முழுதாக நூறே வந்தது.

மேடைக்குப் போகும் முன் மணப்பெண் அறையில் அப்பாவும் மகளும் தனியாக நின்றார்கள். பூக்காரப் பெண் கொண்டையை முடித்துவிட்டுப் போயிருந்தாள்.

"இத்தனை நாளா என்னோட ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசலீங்கப்பா. இன்னைக்குமா?"

நாச்சிமுத்து மீட்டர் இருந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நிரஞ்சனா அதைப் பிடித்து முன்னால் இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"நீ போயிட்டீன்னா அந்த வூட்ல எனக்கு ஒன்னுமே இல்ல கண்ணு" என்றார். "நீ நல்லா இருக்கோணும். எனக்கு வேற ஒன்னும் வேண்டாம்."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு.

"இதுக்குக் கீழ வருமாங்கப்பா?"

"வராது கண்ணு."

நிரஞ்சனாவின் கண்மை கலைந்தது. சுகுணா கதவைத் தட்டி, "அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க, இங்க ரெண்டு பேரும் என்ன வாயத் தொறக்காம பொட்டாட்ட நிக்கறீங்க?" என்று சத்தம் போட்டாள். உள்ளே வந்து மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் மையைத் துடைத்துவிட்டாள்.

மேடையில் மிதுன் அவளைப் பார்த்துச் சிரித்தான். நல்ல பையன், அப்பாவிடம் எதையும் எதிர்த்துப் பேசாத பையன். பக்கத்தில் அவள் போய் நின்றதும் அர்த்தநாரி மைக்கை வாங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டு. மண்டபம் அடங்கும்வரை காத்திருந்தார். காத்திருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நிரஞ்சனா இனி எனக்கு மருமக இல்ல, மக. வேலைக்குப் போறதும் போகாததும் அவ விருப்பம். எங்க வூட்ல அவளை ஒரு சொல் சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது, எனக்கும் சேத்தி. என்ற கண்ணு மாதிரி வெச்சுப் பாத்துக்குவேன். இது மனப்பூர்வமான வார்த்தை."

திரையில் தொண்ணூற்று ஒன்பது.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நாச்சிமுத்து திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.